அம்மம்மாவும் பாக்குவெட்டியும்

06.07.2024, சனி, கல்லடி

அம்மம்மாவை இருத்தி எண்ணெய்ச் சாயத்தில் வரையத் தொடங்கினேன். உருவப்படத்துக்கு வடக்கு யன்னலின் ஒளியே உகந்தது என்ற ஐரோப்பிய விதியை நம்பி நாற்காலியைப் போட்டேன். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சாய்வாக வந்து அவருடைய மடியில் விழுந்தது. ஐரோப்பாவில் நண்பகற் சூரியன் எக்காலமும் தெற்கே நிற்பது. மட்டக்களப்பிலோ சித்திரை தொடங்கி ஆவணி வரை உச்சிக்கு வடக்கே நிற்கிறது. வெள்ளை வேட்டியொன்றை யன்னலில் கட்டிய பிறகுதான் நிழல்கள் மென்மையாகின.

அதற்குள் அவர் முகம் இறுகி, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க இருப்பவரைப்போல ஆகிவிட்டது. தலையின் நடு உயரத்தில் கண்கள், அவற்றின் இடையே இன்னொரு கண்ணின் அகலம் என்று அளவெல்லாம் பொருந்தியும் கன்வஸில் அம்மம்மா இல்லை.

07.07.2024, ஞாயிறு

துணியால் துடைத்துவிட்டேன்.

13.07.2024, சனி

"சும்மா குந்தியிருக்க ஏலாது மனே" என்று அவரே வெற்றிலை வட்டாவை இழுத்துக்கொண்டார். பாக்குவெட்டி கைக்கு வந்ததும் கன்னம் தளர்ந்தது, கீழுதடு சற்றே முன்னே வந்தது, பார்வை வெட்டுவாயில் இறங்கியது. இத்தனை நாளும் முகத்தை முகத்திலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1669இல், தாம் இறந்த ஆண்டில், வரைந்த தன்னுருவப் படம் ஒன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. முதலில் தூரிகை பிடித்த கைகளாக வரைந்தவர், பின்னர் அவற்றைக் கோத்த கைகளாக மாற்றியமை எக்ஸ்ரேயில் தெரிகிறது. அவருக்குக் கருவியை எடுத்துவிட வேண்டியிருந்தது. எனக்கோ கொடுக்க வேண்டியிருந்தது.

20.07.2024, சனி

நாள் முழுவதும் நெற்றி. கறுப்பைக் கலந்தால் கரிய தோல் சாம்பல் பூத்துச் செத்துவிடுகிறது. மண்ணிறத்தோடு நீலமும் சிறிது சிவப்பும் சேர்த்தபோதுதான் உயிர் வந்தது. தேங்காயெண்ணெய் மினுங்கும் இடத்தில் வானம் விழுந்து, உண்மையாகவே இளநீலமாகத் தெரிகிறது. அந்த நீலத்தை வைக்கக் கைக்குத் துணிவு வர மாலையாகிவிட்டது.

28.07.2024, ஞாயிறு

படத்தை அருகில் வந்து பார்த்த அம்மம்மா நெற்றியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தோட்டில கல்லு விழுந்ததையும் கீறிப் போட்டியே" என்றார். காதுத் தோட்டின் அந்தக் குழியில் ஒரு சிவப்புப் பொட்டு வைக்கச் சொல்லுகிறார். எனக்கு மனம் வரவில்லை. சாயம் காய்ந்து வார்னிஷ் பூச ஆறு மாதமாவது ஆகும். அதுவரை தினமும் கேட்பார்.