மணி காட்டாத கடிகாரம்

வீட்டில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மணி எங்கே தெரியும்?" எங்கேயும் தெரியாது. முள் கிடையாது, எண் கிடையாது. என்னிடம் இருப்பது செல்போன் கோபுரங்களில் உழைத்துக் கழிக்கப்பட்ட ரூபிடியம் ஆஸிலேட்டர்: ரூபிடியம் என்ற உலோகத்தின் அணுவை வைத்துச் சீரான அலை தரும் ஒரு சின்ன உலோகப் பெட்டி. 24 வோல்ட் கொடுத்தால் 10 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றைத் தரும். கை வைக்க முடியாத சூட்டையும் தரும். அவ்வளவுதான். அத்தை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்போ மணி பார்க்க நீங்களும் போனைத்தான் எடுக்கணும், இல்லையா மாப்பிள்ளை?" என்றார். ஆமாம் என்பதைத் தவிரச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

உள்ளே ஒரு ரூபிடியம் விளக்கு எரிகிறது. அதன் ஒளி, ரூபிடியம் ஆவி நிரம்பிய ஒரு குப்பி வழியாகப் போகிறது. 6,834 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, மிகச் சரியான அதிர்வெண்ணில் நுண்ணலை பட்டால் குப்பி கொஞ்சம் கூடுதலாக ஒளியை விழுங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மங்கலை விடாமல் பிடித்துக்கொண்டு, அலையை உண்டாக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை அங்கே இங்கே நகரவிடாமல் நிறுத்துகிறது சர்க்யூட். அதாவது உழைப்பதெல்லாம் படிகம். அணு வெறும் மேற்பார்வை.

அணுவுக்கு வயசாவதில்லை. சுற்றியிருக்கிற அத்தனைக்கும் ஆகிறது. கெபாசிட்டர் உலர்ந்துபோகும், சால்டர் விரிசல் விடும், படிகம் வருஷக்கணக்கில் நகர்ந்து நகர்ந்து இழுத்தாலும் வராத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் பெட்டியில் படுத்தது விளக்கு. அதன் நிலவரத்தைச் சொல்ல வெளியே ஒரு கனெக்டர் பின் உண்டு. அதில் 3 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் விளக்குக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். என் மீட்டர் இரண்டைத் தாண்டவில்லை. கண்ணாடிக்குள் ரூபிடியம் வேண்டாத இடத்தில் படிந்துவிடுவதால் வருகிற கோளாறு இது. பல்பைக் கழற்றி, ஹீட் கன்னால் பதமாகச் சூடு காட்டினால் உலோகம் ஆவியாகி, குளிர்ந்த பக்கம் போய் ஒதுங்கும். மூக்கைத் தொடும் தூரத்தில் பல்பைப் பிடித்துக்கொண்டு நான் இதைச் செய்வதைப் பார்த்த மனைவி, "அணுன்னு சொன்னீங்களே, வெடிக்காதில்ல?" என்றாள். இதில் இருப்பது அணுகுண்டு சமாச்சாரமே இல்லை என்று விளக்கினேன். விளக்கம் முடிவதற்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

பல்பை மாட்டினேன், மீட்டர் ஐந்துக்கு மேல் ஏறி நின்றது. அடுத்த குழப்பம் சிவப்பு எல்இடி. இந்தப் பெட்டிகளில் 'லாக்' ஆகாதவரை, அதாவது படிகம் அணுவின் பிடிக்குள் வராதவரை, இன்னொரு பின்னில் மின்னழுத்தம் இருக்கும், ஆனதும் இறங்கிவிடும். அதில் நேராக எல்இடியை மாட்டினால் உடம்பு சரியில்லை என்றால் எரியும், சரியானால் அணையும். சில நிமிஷத்தில் அணைந்தது. நான் கைதட்டினேன். மகள் ஓடிவந்து, "ஐயோ அப்பா, போச்சா?" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இனி டியூனிங். ஒப்பிட்டுப் பார்க்க ஜிபிஎஸ் ரிசீவரிலிருந்து ஓர் அலை, ரூபிடியத்திலிருந்து ஓர் அலை, இரண்டும் அலையை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் திரையில். பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால்கூட ஓர் அலை இன்னொன்றை ஒரு முழுச் சுற்று முந்த 10,000 விநாடி ஆகும். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். திருகை மயிரிழை திருப்பு, உட்கார்ந்து பார். இதுதான் பொழுதுபோக்கு.

"என்னங்க பார்த்துட்டே இருக்கீங்க?"

"நகருதான்னு."

"நகரலையே."

"அதான் சந்தோஷம்!"

இதெல்லாம் ரொம்ப அதிகம் என்று தோன்றினால் ஒரு தகவல்: 2005இல் அமெரிக்காவில் ஒருவர் மூன்று சீசியம் அணுக் கடிகாரங்களையும் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு ரெய்னியர் மலையில் போய்த் தங்கினார். உயரத்தில் காலம் வேகமாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான். ஓடியது, ஏறத்தாழ 22 நானோவிநாடி. என் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டியதும் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

ஒருநாள் மதியம் திடீரென்று அலை திரையில் ஓட ஆரம்பித்தது. ரூபிடியத்தின் மேல்தான் சந்தேகம். வோல்ட்டேஜ் சரி, விளக்கு சரி, சூடு சரி, லாக்கும் சரி. கடைசியில் ஜிபிஎஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தால் கண்ணில் ஒரு செயற்கைக்கோளும் இல்லாமல், சொந்தப் படிகத்தை நம்பிக் குத்துமதிப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாடிக்கு ஓடினேன். ஆன்டெனா மேல் சொட்டச் சொட்ட நனைந்த கம்பளிப் போர்வை, இரண்டாக மடித்து. "குடை மாதிரி ஏதோ நீட்டிக்கிட்டிருந்துச்சு, காயப்போட வசதியா இருந்துச்சு மாப்பிள்ளை" என்றார் அத்தை. ஆகாயத்தில் 20,000 கிலோமீட்டர் தாண்டி வரும் சிக்னலுக்கு அந்தக் கடைசி ஒரு சாண்தான் கண்டம்.

இப்போதெல்லாம் அத்தை கேட்காமல் எதையும் உலர்த்துவதில்லை. நேற்றுகூட வாளியோடு வாசலில் நின்றார்: "உங்க சாட்டிலைட்டு இன்னைக்கு லீவு எடுக்குமா மாப்பிள்ளை? ரெண்டு மெத்தை உறை இருக்கு."