பந்து இல்லாத நேரத்தில் என்ன செய்வாய்?

கால்பந்து கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் முதல் வாரமே ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஆட்டம் 90 நிமிடம், களத்தில் 22 பேர். பந்து ஒரு நொடிகூட நிற்காமல் எல்லாரிடமும் சமமாகப் போனாலும் ஆளுக்கு நாலு நிமிடம்தான் வரும். த்ரோ-இன், ஃபவுல், கோல் கிக் என்று போகிற நேரத்தைக் கழித்தால் அதுவும் குறையும். மீதி நேரம் முழுக்க என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால், "பந்துகிட்ட போவேன் சார்" என்பான். காரைக்குடியிலும் அதே பதில், தேவகோட்டையிலும் அதே பதில்.

அப்படித்தான் ஆடவும் ஆடுகிறார்கள். பந்து இருக்கும் இடத்தில் பத்துப் பேர், மற்ற மைதானம் காலி.

மைதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிற ஊர் என்பதால் இங்கே பயிற்சியாளர்களுக்குப் பஞ்சமில்லை, புல்தரைக்குத்தான் பஞ்சம். எங்களுடையது சரளை கலந்த செம்மண். வெயில் காலத்தில் இறுகிக் கட்டாந்தரையாகிவிடும். தரையோடு வருகிற பாஸ் கடைசி ஒரு முழத்தில் எகிறி முழங்காலில் அடிக்கும். இந்த மண்ணில் ஒரே டச்சில் பந்தைக் கொடு என்று பிள்ளைகளை விரட்டுவது அநியாயம். நான் இரண்டு டச் கொடுக்கிறேன். ஒன்று அடக்க, ஒன்று அனுப்ப. கணுக்காலை இறுக்கி, உள்பாதத்தால் பந்தின் நடுவில் அடிக்க வேண்டும். வாங்குகிறவன் பந்துக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி, தூரத்துக் காலில் வாங்க வேண்டும். அப்போதுதான் வாங்கும்போதே எதிரணி கோல் கண்ணில் படும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், பழக்க ஒரு வருஷம் ஆகும்.

கோன் வைத்து முக்கோணமாக நின்று பாஸ் கொடுப்பது பார்க்க அழகாக இருக்கும். பெற்றோர் போனில் வீடியோ பிடிப்பதும் அதைத்தான். பத்து நிமிடத்துக்கு மேல் அதில் சரக்கு இல்லை. கோன் குறுக்கே வராது, காலை நீட்டாது. அதனால் சீக்கிரமே ரோண்டோவுக்குப் போய்விடுவேன். எட்டுப் பத்து மீட்டர் சதுரம், ஓரத்தில் நாலு பேர், பந்தைப் பறிக்க நடுவில் இரண்டு பேர். பந்தை இழந்தவன் நடுவே போக வேண்டும். யோஹான் கிரைஃப் 1988 முதல் 1996 வரை பார்சிலோனாவுக்குப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் அந்த கிளப்பில் வேரூன்றிய பயிற்சி இது. பாஸ் கொடுப்பதற்கான விளையாட்டு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பந்து கையில் இல்லாத மூன்று பேர் ஓரடி ஈரடி நகர்ந்துகொண்டே இருப்பதுதான் இதில் பாடம்.

இதை விளக்க எங்கள் பக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. பயிற்சிக்கு வருகிற சிலருடைய அப்பா அம்மாவே அந்தப் பெரிய செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். வாசலுக்கு நேரே நின்றால் முகப்பு, வளவு, அடுத்த கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை தெரியும். கொஞ்சம் விலகினால் தூண் மறைக்கும். "மறைச்சா என்னடா செய்வ?" "தள்ளி நின்னு பார்ப்பேன் சார்." அவ்வளவுதான். டிஃபெண்டர்தான் தூண். பந்து வைத்திருப்பவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய் நில், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு "பாஸ், பாஸ்" என்று கத்தாதே.

அடுத்தது ஓட்டம். நேரே பந்தை நோக்கி வருகிறவன் டிஃபெண்டரையும் கூட்டிக்கொண்டு வருவான். முதலில் இரண்டு எட்டு எதிர்ப்பக்கம் போய், அவன் உன்னோடு நகர்ந்ததும் சட்டென்று திரும்ப வேண்டும். "அங்கிட்டுப் போயிட்டு இங்கிட்டு வாடா" என்றால் சின்னப் பையனுக்கும் புரிகிறது. கோலை நோக்கி ஓடுவதென்றால், பாஸ் கொடுப்பவன் தலை நிமிர்கிற நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். பந்து அவன் காலை விட்டுப் புறப்படும்போது கடைசிக்கு முந்தின எதிராளிக்குச் சமமாக இருந்தால் ஆஃப்சைடு இல்லை. (1925க்கு முன்பு கோலுக்கும் உனக்கும் நடுவே எதிராளிகள் இரண்டு பேர் போதாது, மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்து ஸ்ட்ரைக்கர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.)

வலது விங்கில், அதாவது மைதானத்தின் வலது ஓரத்தில், முன்னால் ஆடுகிற ஒரு பையன். ஒல்லி, நல்ல வேகம். ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஓரத்திலிருந்து உள்ளே குறுக்காக வெட்டி ஓடினான். அந்த ஓரத்தைக் காக்கிற எதிரணி லெஃப்ட் பேக்கும் அவன் பின்னாலேயே போய்விட்டான். காலியான ஓரத்தில், பின்னால் தடுப்பு ஆடுகிற எங்கள் ரைட் பேக் ஓவர்லாப் வந்தான், அதாவது அவனைத் தாண்டி முன்னே ஓடினான். பந்து ரைட் பேக்குக்குப் போனது, ஓரத்திலிருந்து கோல் முன்னால் ஒரு கிராஸ், கோல். எல்லாரும் கோல் போட்டவன் மேல் விழுந்தார்கள். விங்கர் பையன் மட்டும் என்னிடம் வந்து, "நான் அவ்வளவு தூரம் ஓடினேன் சார், யாருமே பந்து குடுக்கல" என்றான். "உனக்குக் குடுத்திருந்தா கோல் விழுந்திருக்காதுடா" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பந்து இல்லாமல் ஓடினவனுக்கு யார் கைதட்டுகிறார்கள்? அன்றைக்கு ஒரு நோட்டு போட்டேன். கோல் போட்டவர்கள் ஒரு பத்தி, பந்து வராமலே அடுத்தவனுக்கு இடம் திறந்துவிட்டவர்கள் இன்னொரு பத்தி. ஆட்டம் முடிந்ததும் இரண்டாவதைத்தான் முதலில் வாசிப்பேன். கொஞ்ச நாளில் அந்தப் பத்தியில் பேர் வருவதற்காகவே சிலர் குறுக்கும் நெடுக்குமாக ஓடத் தொடங்கினார்கள். சரி என்று ஒரு விதி சேர்த்தேன்: டிஃபெண்டர் உன்னோடு வந்தால்தான் கணக்கு.

பெண் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடுகிறது. அவர்களை மைதானத்துக்கு வரவைப்பதுதான் பெரும்பாடு. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றபிறகு, வீடு வீடாகப் போய்ப் பேசும்போது சொல்ல ஒரு பக்கத்து ஊர் உதாரணம் கிடைத்தது.

விங்கர் பையனின் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "பையன் எத்தனை கோலுங்க சார்?" என்றார். நோட்டைப் பார்த்து இரண்டாவது பத்தியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்குக் கப்பு ஏதும் குடுப்பாங்களா சார்?" என்றார். கொடுக்க மாட்டார்கள். ஆனால் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது நான் அதிகம் புரட்டுவது அந்தப் பத்தியைத்தான். பையன் அணியில் இருக்கிறான் என்று சொன்னேன். இடது காலில் பாஸ் கொடுக்கத்தான் இன்னும் மறுக்கிறான். இந்த மாதம் முழுக்க அவனுக்கு அதுதான் வேலை.