முகூர்த்த மாதங்களும் ஆடி மாதமும்

புகைப்படத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கல்யாண ஆர்டர்களையும் பார்த்துக்கொண்டு, கணக்கு வழக்கையும் கவனித்துக்கொண்டு, மனதுக்குப் பிடித்த படங்களை எப்போது எடுப்பது? காலையில் கலை, பகலில் தொழில், இரவில் கணக்கு என்று ஒவ்வொரு நாளையும் கூறு போட்டுக்கொள்ளச் சொல்லும் அறிவுரைகள் நிறையவே கிடைக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. விடியற்காலை முகூர்த்தத்துக்காக நள்ளிரவு தாண்டியதும் எழுந்து, மறுநாள் வரவேற்பு முடிந்து வீடு திரும்பும் ஒருவனால் அப்படி ஒரு நாளை வகுத்துக்கொள்ள முடியாது.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் எங்களுக்கு ஆண்டை வகுத்துத் தருவது பஞ்சாங்கம்தான். தை பிறந்ததும் தொடங்கும் ஓட்டம் வைகாசி, ஆனி வரை நீள்கிறது. ஆடியில் அடங்கி, ஆவணியில் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. புரட்டாசியில் பல குடும்பங்கள் திருமணம் வைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு மல்லுக்கட்ட வேண்டும். மார்கழியில் முகூர்த்தமே கிடையாது. ஆகவே முகூர்த்த மாதங்களில் கலை என்பது ஒப்புக்கொண்ட வேலைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஆடியும் மார்கழியும் எனக்கே உரியவை. பணம் பற்றிய பேச்சு, கல்யாண வேலைக்கும் என் சொந்தப் படங்களுக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். நான் நடைமுறையில் கண்டுகொண்ட சமநிலை இதுதான்.

பணப் பேச்சை ஏன் முன்னதாக முடிக்க வேண்டும் என்பதற்குக் கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சொல்லலாம். தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே உள்ள ஔஷதகிரி மலை மண்டபத்தில், பெரிய முகூர்த்த நாட்களில் நடைபெறும் திருமணங்கள் நூறையும் தாண்டும். ஒரு ஜோடி எழுந்ததும் அடுத்த ஜோடி உட்கார, இரண்டு குடும்பங்களின் உறவினர்களும் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். கெட்டிமேளம் எழுந்ததிலிருந்து நாத்தனார் மூன்றாம் முடிச்சைப் போடும் வரை கிடைப்பவை சில நொடிகள்தாம். அந்த நொடிகளில் அட்சதை மழையாக விழும். கேமராவின் தானியங்கி ஃபோகஸ், மணமகளின் முகத்தை விட்டுவிட்டு முன்னால் பறக்கும் அரிசியைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் கெட்டிமேளத்துக்குச் சற்று முன்பே ஒற்றை ஃபோகஸ் புள்ளியை மணமகளின் நெற்றிச்சுட்டியின் மேல் நிறுத்திப் பூட்டிவிடுவேன். இருவர் முகமும் தெளிவாக விழ வேண்டும் என்பதால் லென்ஸின் துளையை முழுவதும் திறக்காமல் எஃப் 4 அளவு வரை மூடிக்கொள்வேன்; ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்குவதில்லை. வீடியோ எடுக்கும் நண்பர் எந்தப் பக்கம் நிற்பார், அவருடைய விளக்கு எங்கிருந்து விழும் என்பதையும் முதலிலேயே பேசி வைத்திருப்பேன். இவ்வளவையும் கை தானாகச் செய்யும்போதுதான், பெண்ணின் தந்தை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கண் கவனிக்கிறது. பாக்கித் தொகையை இன்று கேட்பதா, நாளை கேட்பதா என்ற எண்ணம் மனதில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த முகத்தைப் பார்த்திருக்கவே முடியாது.

எனவே நான் தொகையை மூன்றாகப் பிரித்து வாங்குகிறேன்: தேதியை உறுதி செய்யும்போது ஒரு பங்கு, திருமணத்துக்கு முந்தைய வாரம் பெரும் பங்கு, ஆல்பத்தை ஒப்படைக்கும்போது மீதி. மண்டபத்தில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆல்பத்தின் விலையைத் தனியாகவே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், ஏனெனில் தாள்கள் கூடக் கூட அச்சுச் செலவும் கூடும். படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் குடும்பங்கள் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் இத்தொழிலில் பெரிய முடக்கம். குறிப்பிட்ட நாளுக்குள் தேர்வு வராவிட்டால் நானே தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்புவேன் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகு, வேலைகள் தேங்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் 18 சதவீத வரியும் வரும் என்பதால், வளரும் நிலையில் இருப்பவர்கள் கட்டணத்தை நிர்ணயிக்கும்போதே அதையும் மனதில் கொள்ள வேண்டும்.

படங்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் வட்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததையும், 2015 வெள்ளத்தையும் கண்டவர்கள் நாங்கள். ஒரு குடும்பத்தின் திருமணப் படங்கள் ஒரே வீட்டில், ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. இரண்டாவது பிரதி வேறொரு தெருவில், முடிந்தால் வேறொரு ஊரில் இருக்கட்டும்.

உரிமை பற்றிய பேச்சையும் இளைஞர்கள் தள்ளிப்போடக் கூடாது. புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தில் ஸ்ரீ அரவிந்தரையும் அன்னையையும் படமெடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். அந்தப் படங்களின் பெருமை நம் ஊரில் பலருக்கும் தெரியும். ஆனால் அவர் 1947-இல் ராபர்ட் காப்பா முதலிய நண்பர்களோடு சேர்ந்து மேக்னம் என்ற புகைப்படக் கலைஞர்களின் கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கியதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று, எடுத்த படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பது. உலகம் கொண்டாடும் கலைக்கண்ணுக்குப் பின்னாலும் ஒரு தொழில் முடிவு இருந்திருக்கிறது. நம் நாட்டிலோ, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். அதாவது நாம் எடுத்த கல்யாணப் படத்தைக் கண்காட்சியில் வைக்கவோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தவோ எழுத்து மூலமான சம்மதம் தேவை. அந்த வரியும் என் ஒப்பந்தத்தில் உண்டு. மறுக்கும் குடும்பங்களிடம் நான் வற்புறுத்துவதில்லை. வீட்டுப் பெண்களின் முகத்தை ஊருக்குக் காட்ட வேண்டாம் என்று அவர்கள் நினைப்பது நியாயமே.

இனி படைப்பைப் பற்றி. திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்றாலே எல்லோருக்கும் புதுச்சேரியின் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான் வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வண்டிகள் வராது என்பதால், விடியும் முன்பே எங்களைப் போன்ற குழுக்கள் அங்கே குவிந்துவிடுகின்றன. அந்தச் சுவரை நான் மறுப்பதில்லை. அதற்காகத்தான் அவர்கள் பணம் தருகிறார்கள். வெயில் ஏறியபின் மஞ்சள் சுவர் தன் நிறத்தை முகத்தின் மேல் பூசிவிடும் என்பதால், எதிர் வரிசை வீடுகளின் நிழல் தெருவில் நீண்டு கிடக்கும்போதே அந்தப் படங்களை முடித்துவிடுவேன். அதன்பின் அவர்களிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குவேன்: "நீங்கள் வளர்ந்த இடம் எதுவோ அங்கே போகலாம்." தேவனாம்பட்டினத்து மணமகள் ஒருவர், கரையில் இழுத்துவிடப்பட்டிருந்த தன் தந்தையின் ஃபைபர் படகில் ஏறி உட்கார்ந்தார். அதுவரை விறைப்பாக இருந்த தோள்கள் தளர்ந்தன. கை தானாகவே வலையின் மேல் படிந்தது. ஆல்பத்தின் அட்டைக்கு அந்தக் குடும்பம் தேர்ந்தெடுத்ததும் அந்தப் படத்தைத்தான். வாடிக்கையாளர் கேட்டதை முழுமையாகக் கொடுத்தபின் நாம் கேட்கும் அரை மணி நேரத்தை மறுப்பவர்கள் மிகக் குறைவு.

ஆடியில் நான் கடலூர் மீன்பிடித் துறைமுகத்தில் இருப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்தக் காலம் எனக்கோ கல்யாணப் பருவம். தடை நீங்கிப் படகுகள் முழு மூச்சாகக் கடலுக்குப் போய் வரும் ஆடியில் எனக்கு ஓய்வு. இந்தப் பொருத்தம் ஒரு கொடுப்பினை. ஐஸ் உடைக்கும் இயந்திரத்திலிருந்து தெறிக்கும் தூள், விடியல் வெளிச்சத்தில் ஒரு நொடி தங்கமாகி மறுநொடி வெள்ளையாகும். ஏலக்காரரின் குரலுக்கு ஏற்ப அன்னக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைக்கும் பெண்களை இன்னும் சரியாக எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். முதல் முறை கேமராவை எடுத்தபோது ஓர் அக்கா, "தம்பி, மூஞ்சிய எடுக்காத, மீன எடுத்துக்கோ" என்றார். நான் சங்கராவையும் கானாங்கெளுத்தியையும் எடுத்து, அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஆடியில் அவரே, "எம் மருமவளோட ஒண்ணு எடு" என்று கூப்பிட்டார்.

இந்தப் படங்கள் எதற்கும் யாரும் பணம் தருவதில்லை. ஆனால் நெரிசலில் இடம் பிடிப்பதையும், கை அசையும் முன்பே அசைவை ஊகிப்பதையும் துறைமுகம் எனக்குக் கற்றுக் கொடுத்தது. அது ஔஷதகிரியில் கைகொடுக்கிறது. ஆகவே ஆடியை நான் விற்பதில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கான முன்பதிவை ஆனி முடிவதற்குள் முடித்துவிடுகிறேன். ஆடியில் விசாரித்து வரும் அழைப்புகளுக்கு மாலையில் மட்டுமே பதில் சொல்கிறேன். அந்த மாத வீட்டுச் செலவுக்கான தொகையை வைகாசி வரவிலிருந்தே எடுத்து வைத்துவிடுகிறேன்.