கிழக்கு ஓரத்துப் பெட்டி

எங்கள் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரின் சாவி அண்ணனிடம்தான் இருக்கும். பதவி அட்டெண்டர். பேராசிரியரில் தொடங்கி நேற்று வந்து சேர்ந்த மாணவர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஆத்தூர் பக்கத்துக் கிராமம், வீட்டைச் சுற்றிக் குச்சிக்கிழங்குக் காடு. மரவள்ளியை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சேமிப்பில் இருக்கும் ஒரு பாக்டீரியாக் குப்பி வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். பதிவேட்டைத் தொடாமலே சொன்னார்: "மேலருந்து மூணாவது தட்டு, கெழக்கு ஓரத்துப் பொட்டிங்க அம்மிணி." நான் ஃப்ரீசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கிழக்கு எது என்று தெரியாமல் நின்றேன். வெள்ளைப் புகை கதவிலிருந்து இறங்கிக் காலைச் சுற்றியது. மைனஸ் 80 கதவை அப்படித் திறந்து போடக் கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் பல வருட உழைப்பு. அண்ணனே வந்து பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து நான் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: அண்ணனுடைய கிழக்கு என்றால் என் வலது கை.

எங்கள் வேலை நைட்ரைலைச் சிதைக்கும் பாக்டீரியாக்களோடு. ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கும் சேர்மங்கள்தான் நைட்ரைல்கள். ஸ்வெட்டருக்கு வரும் அக்ரிலிக் நூலுக்கு மூலப்பொருள் ஒரு நைட்ரைல். நாங்கள் தினமும் மாட்டிக் கழற்றும் நீலக் கையுறையும் அதே மூலப்பொருள் கலந்த ரப்பர்தான். செடிகளிலும் இது உண்டு. மரவள்ளிக் கிழங்கில் இருக்கும் லினமாரின் சிதையும்போது அசிட்டோன் சயனோஹைட்ரின் என்ற நைட்ரைல் உண்டாகிறது, அதிலிருந்து சயனைடு பிரிகிறது. கிழங்கைப் பச்சையாகத் தின்னாதே என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவது இதனால்தான். கிழங்கை அரைத்த தண்ணீர் ஓடும் மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்கு நைட்ரைல் பழக்கப்பட்ட சாப்பாடாக இருக்கும் என்று நினைத்து, ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் வாய்க்கால்களில் மண் எடுத்தோம். வழி காட்டியது அண்ணன். புளித்த மாவு வாடையில் குனிந்து அவர் மண்ணை வழித்து வழித்துப் போட, நான் பைகளில் எண் எழுதினேன்.

அந்த மண்ணை வேறு நைட்ரஜனே இல்லாத ஊடகத்தில் கரைத்து, ஒரு நைட்ரைலை மட்டும் சேர்த்து ஷேக்கரில் வைப்போம். அதை உடைத்து நைட்ரஜனை எடுக்கத் தெரிந்தது பிழைக்கும், மற்றது அடங்கிப் போகும். இரண்டு மூன்று நாளில் குடுவை கலங்கிவிட்டால் அன்று எனக்கு மதியச் சாப்பாடு மறந்துவிடும்.

பாக்டீரியாக்கள் நைட்ரைலை உடைக்க இரண்டு வழி வைத்திருக்கின்றன. ஒன்று நைட்ரிலேஸ் என்ற நொதி. ஒரே வீச்சில் நைட்ரைலை அமிலமாக்கி அம்மோனியாவை வெளியே தள்ளிவிடும். 1964இல் கென்னத் திமானும் மகாதேவனும் இதை பார்லி இலையில் கண்டு எழுதினார்கள். அதே ஆண்டில் ராபின்சனும் ஹூக்கும், ஆமணக்கில் இருக்கும் ரிசினின் என்ற நைட்ரைலைத் தின்று வளரும் ஒரு மண் பாக்டீரியாவின் நைட்ரிலேஸைப் பற்றி எழுதினார்கள். இன்னொன்று நைட்ரைல் ஹைட்ரட்டேஸ். அது ஒரு தண்ணீர் மூலக்கூறைச் சேர்த்து, அமிலம் வரை போகாமல் அமைடு என்ற சேர்மத்தோடு நிறுத்திக்கொள்ளும். இந்தப் பெயரை 1980இல் வைத்தவர்கள் அசானோ, யமதா உள்ளிட்ட கியோட்டோ ஆய்வாளர்கள். ஐந்தே வருடத்தில், 1985இல், ஜப்பானின் நிட்டோ கெமிக்கல் நிறுவனம் பாக்டீரியாவைக் கொண்டு அக்ரிலமைடு என்ற அமைடைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. முன்பு தாமிர வினையூக்கியும் சூடும் வைத்துச் செய்ததை, பாக்டீரியா பத்து டிகிரிக்கும் கீழே குளிரில் செய்கிறது. 1991லிருந்து அங்கே பயன்பட்ட ரோடோகாக்கஸ் ரோடோக்ரஸ் ஜே1 என்ற இனத்துக்கு யூரியாவும் கொஞ்சம் கோபால்ட்டும் கொடுத்தால், செல்லுக்குள் கரைந்திருக்கும் புரதத்தில் பாதி அந்த ஒரே நொதியாக ஆகிவிடுகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது வியந்து போனேன். சத்தியமாக இன்றும் அந்த வியப்பு தீரவில்லை.

சரி, ஃப்ரீசருக்கு வருகிறேன். மூன்றாவது தட்டில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் ஹைட்ரட்டேஸ் இனங்கள், மற்றதில் நைட்ரிலேஸ் இனங்கள். இரண்டிலும் ஒன்பதுக்கு ஒன்பது என்று 81 குழிகள், இரண்டிலும் எண்கள் 1 முதல் 81 வரை. மூடியில் எழுதியதை உறைபனி மூடியிருக்கும், ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் மை அழிந்துவிடும். அப்படி எண் போட்டது யார் என்று இப்போது கேட்டுப் பயனில்லை. யாரும் தடுமாறாததற்குக் காரணம் அண்ணன். கிழக்கு ஓரம் ஹைட்ரட்டேஸ், மேற்கு ஓரம் நைட்ரிலேஸ். அதை அவர் எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

அப்புறம் ஆய்வகத்தை எதிர்ப்புறக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஃப்ரீசரை நகர்த்திய அன்று அண்ணன் ஊரில் ஒரு காரியத்துக்குப் போயிருந்தார். இரண்டு நாள் கழித்து வந்தவர், ஜன்னலே இல்லாத புதுக் கூடத்தின் வாசலில் நின்று வராந்தாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பொழுது இந்தப் பக்கம்ங்களா?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஹைட்ரட்டேஸ் பெட்டியின் 36ஆம் எண்ணை மறுபடி வளர்க்க வேண்டியிருந்தது. எங்களுடைய நல்ல இனம் அது. 3-சயனோபிரிடினைக் கொடுத்தால் நிக்கோட்டினமைடு, அதாவது பி3 வைட்டமின், ஆக்கிக் கொடுக்கும். அமைடை மேற்கொண்டு உடைக்கும் அமிடேஸ் அதில் இருப்பதே தெரியாது, அம்மோனியா வரவே வராது. அண்ணன் பெட்டியைப் பனிக்கட்டி மேல் வைத்துக் கொண்டுவந்தார், நான் 36இலிருந்து சுரண்டி எடுத்தேன். வளர்ந்த செல்களை நைட்ரைலோடு கலந்து, கொஞ்சம் எடுத்து ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்து வெந்நீர்த் தொட்டியில் வைத்தேன். அம்மோனியா இருந்தால் நீலம் வரும், இல்லாவிட்டால் வெளிறிக் கிடக்கும். அரை மணி கழித்துப் பார்த்தால் குழாய் முழுக்க சொட்டு நீலம் கரைத்த மாதிரி ஒரு நீலம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதலில் கோபால்ட் மீது சந்தேகம் வந்தது. அந்த நொதியின் நடுவில் கோபால்ட் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். ரோஜா நிறக் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினேன். மறுபடி நீலம். வேறு பாக்டீரியா கலந்துவிட்டதோ என்று தட்டுத் தட்டாகக் கோடிழுத்துப் பார்த்தேன். தனித்தனியாக, சுத்தமாக வளர்ந்தது. இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஒரு நாள் அண்ணன் விடுப்பில் இருக்க, நானே ஃப்ரீசரைத் திறந்து, வலது கைப் பெட்டியிலிருந்து 36ஐ எடுத்தேன். நீலம் வரவில்லை.

அண்ணன் எடுத்தால் நீலம், நான் எடுத்தால் இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னது நான்தான். குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை, ஆனால் முடிவு அப்படித்தான் ஆனது. "வயசாகிடுச்சு, மறதி வந்திருக்கும்" என்று ஒருவர் சொன்னார். மறுநாள் சாவியை அவரிடமிருந்து வாங்கி ஆபீஸ் மேசை டிராயரில் போட்டார்கள். அண்ணன் இடுப்பில் தொங்கிய கயிற்றிலிருந்து சாவியைக் கழற்ற முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு பழைய அறைக்குப் போனேன். காலி அறை. ஃப்ரீசர் இருந்த இடத்தில் தரையில் நீள்சதுரமாக ஒரு வெள்ளைத் தடம். "எப்பவும் போல நின்னு, எப்படி எடுப்பீங்கன்னு காட்டுங்கண்ணே" என்றேன். வடக்குச் சுவரைப் பார்த்து நின்றார். "கெழக்கு" என்று வலது கையை நீட்டினார். அங்கிருந்து புதுக் கூடத்துக்கு வந்தோம். அங்கே ஃப்ரீசர் தெற்குச் சுவரோரம் இருக்கிறது. அதன் முன் நின்றவர், யோசிக்கக்கூட இல்லை, "கெழக்கு" என்று இடது கையை நீட்டினார். நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் இன்னொரு கையைப் பார்த்தார்.

"நான் மாறலைங்க அம்மிணி. பொட்டி திரும்பிப் போச்சு."

தெற்குப் பார்த்திருந்த கதவு வடக்குப் பார்த்துவிட்டது. உள்ளே பெட்டிகள் இருந்தபடியே இருந்தன. கிழக்கு ஓரத்தில் இருந்தது மேற்கே போய்விட்டது. அண்ணன் சரியாகக் கிழக்கு ஓரத்துப் பெட்டியைத்தான் எடுத்திருக்கிறார், அதில் நைட்ரிலேஸ் இனங்கள் இருந்தன. நீலம் வந்ததற்கு வேறு காரணமே இல்லை.

அதன் பிறகுதான் திசை நினைவு பற்றி நான் தேடித் தேடிப் படித்தேன். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழியுளவியல் நிறுவனத்தார் 1990களில் நடத்திய சோதனை ஒன்று உண்டு. மேசையில் பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளை முழுசாகத் திருப்பி, பின்னால் இருக்கும் இன்னொரு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் பெரும்பாலும் இடது வலது மாறாமல் அடுக்கினார்கள். மெக்சிகோவின் தெனெஹாப்பாவில் செல்தால் மொழி பேசுபவர்கள் பெரும்பாலும் திசை மாறாமல் அடுக்கினார்கள். எங்கள் ஃப்ரீசர் இந்தச் சோதனையைத் தானாகவே நடத்திவிட்டது! அதே குழுவைச் சேர்ந்த எரிக் பெடர்சன் தமிழ்நாட்டுக்கே வந்து பார்த்திருக்கிறார். கிராமத்துத் தமிழர்கள் பொருள் இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் வடக்கு தெற்கு வைத்துச் சொல்வதையும், நகரத்தவர்கள் இடது வலது வைத்துச் சொல்வதையும் பதிவு செய்தார். ஒரே மொழி பேசும் இரண்டு பேர், அண்ணனும் நானும், ஒரே ஃப்ரீசரை இரண்டு விதமாக நினைவில் வைத்திருந்தோம்.

இதற்கு மூளையில் இடம் இருக்கிறது. எலி ஒரு குறிப்பிட்ட பக்கம் தலையைத் திருப்பும்போது மட்டும் துடிக்கும் செல்களை 1984இல் ஜேம்ஸ் ராங்க் கண்டார். அவற்றில் காந்த ஊசி எதுவும் இல்லை. கண்ணில் படும் அடையாளங்களும், உள்காதின் சமநிலை உறுப்பு அனுப்பும் சேதியும் சேர்ந்துதான் அவற்றை நடத்துகின்றன. அந்த உறுப்பு போனால் என்ன ஆகும் என்று 2005இல் தாமஸ் பிராண்ட் குழுவினர் காட்டினார்கள். இரண்டு பக்கச் சமநிலை நரம்பையும் இழந்த பத்துப் பேருடைய ஹிப்போகேம்பஸ், அதாவது இட நினைவுக்கு வேண்டிய மூளைப் பகுதி, சராசரியாக 16.9 சதவீதம் சுருங்கியிருந்தது. கணினித் திரையில் காட்டிய குளத்தில், மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்க அவர்கள் திணறினார்கள்.

இந்த இடத்தில் என் சொந்த வேலை குறுக்கே வந்து நின்றது. இமினோடைபுரோப்பியோநைட்ரைல் என்று ஒரு நைட்ரைல். எலிகளுக்குக் கொடுத்தால் உள்காதின் சமநிலை உறுப்பில் இருக்கும் மயிர்செல்களை அழித்துவிடும். எலி தலையை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும், தண்ணீரில் விட்டால் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் உருளும். நான் கையாளும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருளுக்கு, ஒரு உயிரின் திசையையே பிடுங்கிவிட முடியும். அதற்குப் பிறகு, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்கு வெளியே ஒரு நைட்ரைல் பாட்டிலையும் நான் திறந்ததில்லை, மாணவர்களையும் திறக்க விடுவதில்லை. வாய்க்கால் மண்ணில் இவற்றைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா மீது மரியாதையும் கூடிவிட்டது.

பேராசிரியரிடம் இரண்டு கைகளின் கதையைச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஃப்ரீசர் முன் நின்று தானே கையை நீட்டிப் பார்த்தார். சாவி அன்றே அண்ணனிடம் திரும்பியது. "மறதி" என்று சொன்னவர் வருத்தம் தெரிவிக்கவில்லை, எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. பெட்டிகளின் எண்களை மாற்றினோம்: ஹைட்ரட்டேஸுக்கு ஹை, நைட்ரிலேஸுக்கு நை, ஒவ்வொரு குப்பியிலும் உறைபனிக்கு உதிராத அச்சு லேபிள். ஃப்ரீசர் கதவின் இரண்டு ஓரத்திலும் "கி", "மே" என்று எழுதி ஒட்டினேன். அதை மாணவர்கள் எதற்கு என்று கேட்கும்போதெல்லாம் முழுக் கதையையும் சொல்கிறேன்.

அண்ணன் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். போன மாதம் ஃப்ரீசரில் கம்ப்ரசர் கோளாறு. பக்கத்து அறைக்கு நகர்த்த வேண்டும் என்றார்கள். அவருக்கு போன் போட்டேன். காட்டில் நின்றுகொண்டிருந்தார் போல, காற்றுச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் முதலில் கேட்டார்: "கதவு எந்தப் பக்கம் பாக்குதுங்க அம்மிணி?"

"மேக்கே பாக்குதுண்ணே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர் அங்கே காட்டில் நின்றபடியே திரும்பிப் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"அப்ப ஹைட்ரட்டேசு தெக்கோரம் வந்துரும். எழுதிக்குங்க."