வளருற பிள்ளைக்கு ஒரு வண்டி

2025 யூலை 5, சனி. முத்தையன்கட்டு

இரவு மச்சான் கனடாவிலிருந்து போன் எடுத்தார். ஓகஸ்டில் வருகிறாராம். மருமகளுக்கு, அதுதான் என் சின்னவளுக்கு, நாலு சில்லு பைக் ஒன்று வாங்கித் தரவேண்டுமாம். காசு அவருடையது, பார்த்து எடுக்கிற வேலை என்னுடையது. "125 சிசிக்குக் குறையாமல் எடுங்கோ அத்தான், வளருற பிள்ளை" என்றார்.

சின்னவளுக்குப் பத்து வயது. உயரம் 134 சென்ரிமீற்றர், நிறை 28 கிலோ. பள்ளிக்கூடச் சட்டை எப்போதும் ஒரு அளவு பெரிதாகத்தான் எடுப்போம். கரையை உள்ளே மடித்துத் தைத்துவிட்டு, வருடம் ஒருக்கால் மனைவி அவிழ்த்து விடுவாள். மச்சானும் அதே கணக்கைத்தான் வண்டிக்குப் போடுகிறார்.

அவள் ஓடப்போகும் பாதை எனக்கு மனப்பாடம். வீட்டிலிருந்து கச்சான் தோட்டத்துக்கு மூன்று கிலோமீற்றர். முதல் பாதி வாய்க்கால் கரைக் கிரவல். உழவு மிசின் ஓடி ஓடி நடு மேடாகி, இரு பக்கமும் பள்ளமாகிவிட்டது. பிறகு காட்டுக்குள் மணல், குறுக்கே பாலை மர வேர்கள். கடைசியில் ஒரு ஓடை. மாரியில் இடுப்பளவு, இப்போது கணுக்காலளவு.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

யூலை 11, வெள்ளி

மூன்று இரவாகப் போனும் கையுமாக இருந்து வாசித்தேன். அமெரிக்காவில் முன்பு எஞ்சின் அளவை வைத்துத்தான் வயது சொன்னார்கள். 70 சிசிக்குக் குறைந்தது ஆறு வயதிலிருந்து, 90 சிசி வரை பன்னிரண்டிலிருந்து, அதற்கு மேல் பதினாறிலிருந்து. பிறகு அதை விட்டுவிட்டு வேகத்தை அளவுகோலாக்கினார்கள். இப்போது 6, 10, 12, 14 என்று நாலு படி. பத்து வயதுப் படி வண்டி முழுதாக முறுக்கினாலும் மணிக்கு 48 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கொம்பனியிலிருந்து வெளியே வரும்போது அதிலும் பாதியாக, 24 கிலோமீற்றருக்கு அடக்கித்தான் விடவேண்டும். எங்கள் கிரவலில் 24 என்பது குறைந்த வேகமில்லை. நான் மோட்டார் சைக்கிளில் போவதே அவ்வளவுதான்.

அதே இடத்தில் இன்னொன்றும் வாசித்தேன். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இதில் ஏறவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. மறைக்க மனம் வரவில்லை, மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதையெல்லோ முதல் நாளே வாசிச்சிருக்கோணும்" என்றாள்.

இரண்டு நாள் கதை இல்லை. மூன்றாம் நாள் அவளாகவே சொன்னாள்: நான் கூடவே நடந்து போகாமல் பிள்ளை ஓடக்கூடாது, அளவில்லாத வண்டி வாசலுக்குள் வரக்கூடாது. சரி என்றேன்.

யூலை 13, ஞாயிறு

வவுனியாவில் ஒருவர் சீனத்து 125 விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். சிவப்பு நிறம், பளபளவென்று கழுவி வைத்திருந்தார். சின்னவளின் கண் அதிலேயே நின்றது. எனக்கும் கொஞ்சம் ஆசை வந்ததை எழுதத்தானே வேண்டும்.

ஏற்றி இருத்தினேன். மிதியில் எழுந்து நில் என்றேன். நின்றால் இருக்கைக்கும் ஆளுக்கும் இடையில் நாலு விரலாவது இடைவெளி வரவேண்டும், அப்போதுதான் குலுக்கலை முழங்கால் வாங்கும். அவள் நுனிக்காலில் நின்றும் இருக்கையிலேயே முட்டினாள். கைபிடியை இடப்பக்கம் கடைசிவரை திருப்பச் சொன்னேன். வலக்கைப் பிடி தூரப் போக, உடம்பும் அதோடு சேர்ந்தே இழுபட்டுப் போய்விட்டது. பிரேக் பிடியை எட்டிப் பிடித்தது விரல் நுனிகள் மட்டும்தான்.

"ரெண்டு வருசத்திலை எல்லாம் சரியாயிடும் அண்ணை" என்றார் விற்பவர்.

அந்த இரண்டு வருடமும் அவள் எதைப் பிடித்து நிறுத்துவாள்? வேகத்தை அடக்கும் திருகாணி எங்கே என்று கேட்டேன். இருந்ததாம், தானே கழற்றிவிட்டாராம், "அது இழுவையைக் குறைக்குது". திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னவள் அழுதாள். புளியங்குளம் தாண்டும்வரை.

யூலை 20, ஞாயிறு

கிளிநொச்சியில் ஒரு வளவுக்குள் படங்குக்குக் கீழே யமஹா 90 ஒன்று கிடந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிற்பதற்கு முன் வந்தது. அந்த வீட்டுப் பொடியன் இப்போது வளர்ந்து என்னை விட உயரம்.

இதில் எழுந்து நின்றாள், இடைவெளி வந்தது. பிடியை முழுதாகத் திருப்பியும் முழங்கை மடிந்தே இருந்தது. நாலு விரலும் பிரேக்கைச் சுற்றிப் பிடித்தன. கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் தலையிடி இல்லை. மோட்டார் சைக்கிள் மாதிரி முறுக்குவதும் இல்லை; பெருவிரலால் ஒரு சின்ன நெம்பைத் தள்ளவேண்டும். அந்த நெம்புக்கு அருகில் திருகாணி கழற்றப்படாமல் இருந்தது. அதை உள்ளே திருகினால் நெம்பு போகும் தூரம் குறையும், வேகமும் குறையும். கயிறு இழுத்தால் எஞ்சின் நிற்கும் ஆளி ஒன்றை அந்தத் தகப்பனே பூட்டியிருந்தார். "நான் இந்தக் கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை ஓடித்தான் மெலிஞ்சனான்" என்று சிரித்தார். மனிசனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

குறையும் உண்டு. பின் அச்சு தாழ்வு, நிலத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. எங்கள் வேர்களில் முட்டும். ஆனால் வேரை ஒரு நாள் கோடாலியோடு போய் வெட்டலாம். பிள்ளையின் கையை நீட்டமுடியாது. எடுத்துவிட்டேன்.

யூலை 27, ஞாயிறு

ரயரில் காற்றுக் குறைவென்று நினைத்துச் சந்திக் கடையில் கொடுத்தேன். மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரி 28 இறாத்தல் அடித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நானே ஏறி ஓடிப் பார்த்தேன். (என் முழங்கால் கைபிடியில் இடிக்க, கோழிகள் கலைந்து ஓட.) முதல் வேரில் வண்டி பந்து மாதிரி எழும்பிப் பக்கவாட்டில் விழுந்தது. முழங்கையில் தோல் போய்விட்டது. நல்லவேளை, நான்.

பிறகுதான் ரயரின் பக்கத்தைத் துடைத்து வாசித்தேன். இந்த வண்டிகளின் ரயருக்கு ஐந்து இறாத்தலே அதிகம். கடை அளவுமானியோ பத்திலிருந்துதான் தொடங்குகிறது. குறைந்த அழுத்தம் காட்டும் மானி ஒன்று கொண்டுவரச் சொல்லி மச்சானுக்கு வட்ஸ்அப் போட்டேன். அதுவரை, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைத் திறந்துவிட்டுப் புழுதியில் உருட்டிப் பார்த்தேன். முதலில் நடுப் பல் வரிசை மட்டும் பதிந்தது, இரண்டு விரல் அகலம். ஆறாவது தடவை உள்ளங்கை அகலத்துக்கு எல்லாப் பல்லும் பதிந்தது. அத்தோடு விட்டேன்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

தரவையில் முதல் ஓட்டம். குளக்கட்டில் ஓடலாம் என்று கேட்டாள். இரு பக்கமும் சரிவு, அங்கே வேண்டாம் என்றேன்.

தலைக்கவசம்தான் பெரிய தலையிடி. கடைகளில் கிடைப்பதெல்லாம் பெரியவர்களுக்கு. குனிந்தால் கண்ணை மூடுகிறது. கடைசியில் முல்லைத்தீவில் ஒன்று கிடைத்தது. செருப்போடு ஏறக்கூடாது, பள்ளிக்கூடச் சப்பாத்து. பின்னால் ஒரு நீளத் தடியில் மனைவியின் பழைய சிவப்புச் சேலைத் துண்டு, வளைவில் எதிரே வருகிறவனுக்கு முதலில் அது தெரியட்டும்.

சின்னவன் பின்னால் ஏறவேண்டும் என்று நிலத்தில் உருண்டான். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளில் நாலு பேர் போகிறோம், அவனுக்கு எப்படி விளங்கும்? இருக்கை நீளம் இரண்டு பேருக்காக இல்லை. ஓடுகிறவள் மேட்டில் முன்னுக்கும் பள்ளத்தில் பின்னுக்கும் தள்ளி இருக்க.

பாதையை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லத் தேவை வரவில்லை. மிதிவெடி எடுத்து முடிந்த காணிதான். ஆனாலும் தடம் தெரியாத இடத்தில் கால் வைக்காதே என்பது இந்த வீட்டில் அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து இருக்கிற சட்டம்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

மச்சான் வந்து நான்கு நாள். காற்று மானி வந்தது. வண்டியைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் சுருங்கியது. "சின்னனாக் கிடக்கு அத்தான்." ஏறி இருந்து பார்த்தார், முழங்கால் நாடிக்கு வந்தது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் மூவரும் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். அவள் முன்னால், நான் கயிற்றோடு, மச்சான் கமராவோடு. ஓடைக்குக் கிட்ட வளைவில் பெருவிரலை எடுத்தாள். வண்டி நின்றது. தானே எஞ்சினை நிறுத்தி இறங்கிப் போய்க் குனிந்தாள். யானை லத்தி.

"அப்பா, ஈரமாக் கிடக்கு."

மச்சான் இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்றார். அவள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வண்டியைத் திருப்பிவிடலாம் என்று நான் போவதற்குள், கைபிடியை முழுதாக ஒடித்து, முன்னுக்கு ஒருக்கால், பின்னுக்கு உந்தி ஒருக்கால், அந்தக் குறுகிய பாதையில் தானே திருப்பிக்கொண்டு எங்களுக்காகக் காத்து நின்றாள்.