காரமே இல்லாத மிளகாய் மூட்டிய சண்டை

அம்மாவும் அப்பாவும் நேற்று ராத்திரியிலிருந்து நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பா மாத்திரை போட்டாச்சான்னு கேளு." "உங்கம்மா என் கண்ணாடியைப் பார்த்தாளான்னு கேளு." உட்கார்ந்திருப்பது என்னவோ ஒரே சோபாவில், நடுவில் நான்.

காரணம் ஒரு மிளகாய் வற்றல்.

இத்தாலி என்றதும் அம்மா தன் தங்கைகளிடம் ரோம், வெனிஸ், பைசா கோபுரம் என்று பட்டியலே படித்துவிட்டாள். ஆனால் திட்டம் போட்டது என் வீட்டுக்காரர். இவர் நான்கு பேர் வரிசையில் நின்றால் அந்தக் கோயிலுக்கே வெளியிலிருந்து கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புகிற ஆள். தேடித் தேடி பசிலிகாட்டா என்று ஒரு மாகாணத்தைப் பிடித்தார். பூட்ஸ் மாதிரி இருக்கும் இத்தாலி வரைபடத்தில் குதிகாலுக்கும் கால்விரலுக்கும் நடுவில் உள்ளங்கால் வளைவு வரும் இல்லையா, அங்கே. அம்மா வரைபடத்தைப் பார்த்தாள். "ஊர்ல எல்லாரும் இத்தாலிக்குத் தலையிலேருந்து போவாங்க, நாம மட்டும் உள்ளங்காலுக்கா?" என்றாள். பாரி நகரில் இறங்கி வாடகைக் காரை எடுக்கும்வரை அந்தக் கேள்விக்கு இவரிடமிருந்து பதில் வரவில்லை.

முதலில் மாத்தேரா. பள்ளத்தாக்கின் சரிவு முழுக்கப் பாறையைக் குடைந்து வீடுகள். ஒன்றின் கூரைமேல் அடுத்ததன் வாசல். சாஸ்ஸி என்கிறார்கள். ஒரே குகையில் அப்பா, அம்மா, ஏழெட்டுப் பிள்ளைகள், கோழி, கோவேறு கழுதை எல்லாம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். நாட்டுக்கே அவமானம் என்று அரசியல்வாதிகள் பேசி, 1952இல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரை மேலே புது வீடுகளுக்கு மாற்றினார்கள். 1993இல் அதே குகைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. இப்போது அங்கே ஹோட்டல்கள். ஒரு குகை அறையின் ஒரு ராத்திரி வாடகையை இவர் ரூபாயில் மாற்றிச் சொன்னதும் அம்மா நின்றுவிட்டாள். "கழுதை கட்டியிருந்த இடத்துக்கா?" நாங்கள் கழுதை கட்டாத இடமாகப் பார்த்து மேலே தங்கினோம்.

அப்பாவுக்குக் குகையும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். பொதுப்பணித் துறை ரத்தம். ஊரின் பெரிய சதுக்கத்துக்கு அடியில் பலொம்பாரோ லுங்கோ என்று ஒரு நிலத்தடித் தொட்டி இருக்கிறது. மழைநீரும் ஊற்றுநீரும் சேர்வதற்காகப் பல நூற்றாண்டுகளாகப் பாறையை வெட்டி வெட்டிப் பெரிதாக்கியது. சுமார் 50 லட்சம் லிட்டர் பிடிக்கும். மேலே ஊர் நடமாட, கீழே இப்படி ஒன்று இருப்பதே மறந்துபோய் 1991இல்தான் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உள்ளே இறங்கியதும் அப்பா சுவரைத் தடவினார். வழிகாட்டிப் பெண் முறைத்தாள். சுட்ட மண்ணை நொறுக்கிச் சுண்ணாம்பில் கலந்து பூசினால் நீர் கசியாது என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, "சுர்க்கிம்மா! சுர்க்கி!" என்று அப்பா கத்தினார். அது தொட்டி முழுக்க எதிரொலித்தது. முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் போட்டுக் கட்டியது, 1895இல் முடிந்தது, இன்னும் நிற்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தமிழில் விளக்கினார். அவளும் தலையாட்டினாள். பின்னால் நின்ற ஜெர்மன்காரர்கள் இதுவும் சுற்றுலாவில் ஒரு பகுதி என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

அம்மாவின் மாத்தேரா வேறு. ரொட்டிக் கடை. அந்த ஊர் ரொட்டி ஒவ்வொன்றும் ஒரு கிலோ, இரண்டு கிலோ, மேடும் பள்ளமுமாக. முன்பெல்லாம் மாவைப் பிசைந்து பொது அடுப்புக்குக் கொடுத்தனுப்புவார்களாம். யாருடையது எது என்று தெரிய மரத்தில் செதுக்கிய முத்திரையைக் குத்திவிடுவார்கள். அம்மா அந்த முத்திரைகளில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இருந்தா நம்ம வீட்டு டப்பாவெல்லாம் உன் சித்தி வீட்டுலேயே தங்கிப்போகாது" என்றாள். அப்புறம் ரொட்டியின் மாவு ஒரு பையில் இருந்ததை விரல்நுனியில் தேய்த்துப் பார்த்து, "ரவைதான்டி இது" என்று தீர்ப்பளித்து, கொஞ்சம் கொரகொரப்பானதாகப் பார்த்து ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். இந்த ரவை பின்னால் வரும்.

மாத்தேராவிலிருந்து காஸ்தெல்மெட்சானோ. வளைந்து வளைந்து மலையேறி, பாறையைக் குடைந்த ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தால், ஊசி ஊசியாக நிற்கும் பாறைகளின் மடியில் மொத்தக் கிராமமும் சட்டென்று எதிரே. அழகுதான், மறுக்கவில்லை. எதிரே இன்னொரு மலையில் பியெத்ராபெர்தோசா. இரண்டு ஊருக்கும் நடுவே கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கலாம், 'தேவதையின் பறத்தல்' என்று பெயர், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகுமாம். சென்னையில் இருந்தபோதே இதற்காகச் சவால் விட்டுக்கொண்டிருந்தார் இவர். இங்கே வந்ததும், ஏற்றுமுன் எடை போட்டுப் பார்ப்பார்கள் என்று பலகையில் படித்தவுடன் இவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. சின்னவன் மட்டும் பறந்தான். அவனைக் கீழேயிருந்து வீடியோ எடுக்கிறேன் என்று இவர் எடுத்ததில் ஒரு கம்பியும் ஒரு காக்கையும் இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு ஆறரைக்கு. உலகம் அழிந்தாலும் ஆறரைக்கு. இந்த ஊரிலோ மதியம் ஒரு மணிக்குக் கடையை இழுத்து மூடினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். சாப்பாட்டுக் கடைகளில் ராத்திரி அடுப்பு பற்ற எட்டு ஆகிறது. மாத்தேராவிலாவது அங்கே இங்கே ஏதாவது கிடைத்தது. இங்கே ஒரே தெரு, அதுவும் பாதி படிக்கட்டு. நேற்று ஆறே முக்காலுக்கு அப்பா ஒரு சாப்பாட்டுக் கடையின் பூட்டிய கதவுக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரேஷன் கடை திறக்கும் என்கிற நம்பிக்கையோடு நின்றார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து உள்ளே இருந்த பையனுக்குக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவன் எட்டு விரல் காட்டினான். சர்க்கரை மாத்திரை போட்டாகிவிட்டது என்பதை அப்பா சைகையில் எப்படிச் சொல்வார் பாவம்.

இதை மேல் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட பாட்டி. என்னவோ கத்தினாள். இவர் செல்போன் செயலியில் மாதக்கணக்காக இத்தாலியன் படித்தவர், ஆனால் 'பூனை பால் குடிக்கிறது' அளவில்தான் நிற்கிறது. பாட்டி பேசுவதோ வட்டார வழக்கு. பதிலுக்குக் காத்திராமல் இறங்கி வந்து, அப்பாவின் முழங்கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போய்விட்டாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

அந்த அடுப்படியில் ஜன்னலோரம் சரம் சரமாகச் சிவப்பு மிளகாய். ஒவ்வொரு சரமும் என் உயரம். காம்பில் நூலைக் கோத்து உலர்த்தியிருந்தார்கள். செனிசே என்கிற ஊரின் மிளகாய் இதற்குப் பேர்போனது. தோல் மெல்லிசு, ஈரம் கம்மி, அதனால் அழுகாமல் வெயிலிலேயே காய்ந்துவிடும். இனிப்பு ஜாதி, காரம் கிடையாது. அம்மா சரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். காரம் இல்லை என்று தெரிந்ததும், "பின்ன எதுக்கு மிளகாய்னு பேரு?" என்று சுருங்கினாள்.

பாட்டி நாலைந்தைப் பிய்த்துத் துணியால் துடைத்தாள். கழுவவே இல்லை, அம்மா அதைக் கவனித்துத் தலையசைத்தாள். காம்பைக் கிள்ளி விதையை உதறிவிட்டு, சின்னக் கருப்பு வாணலியில் ஆலிவ் எண்ணெயைக் காய வைத்தாள். "காஞ்சிடுச்சு, இறக்குங்க" என்றாள் அம்மா தமிழில். அதே நொடியில் பாட்டி வாணலியை நகர்த்தினாள். மிளகாய் விழுந்ததும் புஸ்ஸென்று உப்பியது. ஒரு திருப்பு. கறுக்கும் முன்னால் வெளியே. ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணும் நேரம்தான், நாலு என்றால் கசந்துபோகும். ஆறட்டும் என்று கையைக் காட்டினாள். ஆறியதும் உப்பைத் தூவி ஒன்றை அம்மா வாயிலும் ஒன்றை அப்பா வாயிலும் திணித்தாள். மொறுக்கென்ற சத்தம் பக்கத்து அறை வரை கேட்டிருக்கும். குருஸ்கோ என்றாள்.

அப்புறம் நேற்றைய ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, தக்காளி, வெங்காயம், வெள்ளரி, ஓரிகானோ போட்டு, எண்ணெய் விட்டுப் பிசைந்து, மேலே நாலு குருஸ்கோவை நொறுக்கிப் போட்டுத் தட்டில் வைத்தாள். அறுவடைக்குப் போகிறவர்களின் காலைச் சாப்பாடாம், சியல்லெட்டா. அப்பா ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய். ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"பிரமாதம்!" என்றார்.

எங்கள் குடும்பத்தை அறிந்தவர்களுக்கு இதன் தீவிரம் புரியும். அப்பா சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போனால் சாப்பாடு நன்றாக இருந்தது என்று அர்த்தம். 'உப்பு' என்று ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்குக் கோளாறு. அவ்வளவுதான் அவர் அகராதி. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமியார் வீடே அம்மாவின் பால் பாயசத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்க, "ஏலக்காய் ஜாஸ்தி" என்று சபையில் சொன்னவர். ஆடி மாச வெயிலில் மொட்டை மாடியில் காக்கை விரட்டிக்கொண்டு அம்மா காயவைத்த மோர் மிளகாயை, சுண்டைக்காயை, மணத்தக்காளியைத் தின்று வளர்ந்த அந்த வாயிலிருந்து இதுவரை 'பிரமாதம்' வந்ததில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். "வத்தல்தானே இது?" என்று கேட்டாள். மிக மெதுவாகக் கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

அப்பாவுக்கு எச்சரிக்கை மணி கேட்கவில்லை. "பிரமாதம்மா!" என்று பாட்டியைப் பார்த்து இரண்டாவது தடவையும் சொன்னார். என்ன சொல்கிறார் என்று பாட்டி கேட்க, இவர் தன் இத்தாலிய ஞானம் முழுவதையும் திரட்டி, "புவோனிஸ்ஸிமோ" என்றார்.

அங்கேதான் இரண்டாவது தீ பற்றியது. அதுவரை மூலையில் டிவி பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் இருந்தார், பாட்டியின் வீட்டுக்காரர். பாட்டி கரண்டியோடு அவர் பக்கம் திரும்பினாள். வார்த்தை ஒன்றும் புரியவில்லை, ஆனால் விஷயம் மட்டும் தப்பாமல் புரிந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு மனுஷன் ஒரு தட்டுக்கு இப்படிச் சொல்கிறார், நீ என்றைக்காவது வாயைத் திறந்திருக்கிறாயா என்பதுதான் சாரம். தாத்தா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். ஆண் வர்க்கத்துக்கே துரோகம் செய்தவனைப் பார்க்கிற பார்வை.

அம்மா எழுந்து போய்ப் பாட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டாள். "சொல்லுங்கம்மா, நல்லாச் சொல்லுங்க" என்றாள். மொழிபெயர்ப்புக்கு இவர் செல்போனை எடுத்தார், அவர்கள் இருவருக்கும் அது தேவைப்படவில்லை. கீழே இறங்கி வரும்போது அம்மா கையில் ஒரு முழு மிளகாய்ச் சரம். பாட்டியின் பரிசு. விமானத்தில் இதை எந்தப் பெட்டியில் அடைப்பது, எதை எடுத்துவிட்டு அடைப்பது என்பது தனிப் பஞ்சாயத்து. என் புடவைகள்தான் பலியாகும் என்று தோன்றுகிறது.

இன்று காலை பாட்டி வெளிவாசலில் மேஜை போட்டுக் காபி கொடுத்தாள். தாத்தா ரொட்டியைக் கடித்தார், "புவோனோ!" என்றார் சத்தமாக. சீஸைக் கடித்தார், "புவோனோ!" காபிக்கும் சொன்னார். குழாய்த் தண்ணீர் குடித்துவிட்டு அதற்கும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கண் அப்பா மேல். பாட்டி நம்பினதாகத் தெரியவில்லை, ஆனாலும் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினாள். "அந்த ஆளாவது ஒரே ராத்திரியில திருந்திட்டாரு" என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல்.

சாயங்காலம் ஆறு மணிக்கே, யாரும் கேட்காமல், அம்மா அந்த மாத்தேரா ரவையில் உப்புமா கிண்டினாள். கடுகும் உளுந்தும் ஊரிலிருந்து வந்த பொட்டலத்தில். சரியாக ஆறரைக்கு அப்பா முன்னால் தட்டு வந்தது. மேலே நொறுக்கிப் போட்ட குருஸ்கோ. அப்பா சாப்பிட்டார். நான், இவர், சின்னவன் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். தட்டைக் காலி செய்தார். வழக்கம்போலப் பேசாமல் எழுந்தவர், கதவுவரை போய்த் திரும்பி வந்து, என்னிடம் அல்ல, நேராக அம்மாவிடம் சொன்னார்.

"உப்பு சரியா இருக்கு."

"யாரு கேட்டா?" என்றாள் அம்மா.