துங்கநாதர் மலையில் இல்லாத மாதம்

பனிக்காலத்தில் துங்கநாதர் மலையில் இருப்பதில்லை. தீபாவளியை ஒட்டி நடை சாத்தி, உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் ஏற்றிக் கீழே மக்குமட் கிராமத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மறுபடி மேலே போக சித்திரை, வைகாசி ஆகும். உத்தராகண்டில் 3,680 மீற்றர் உயரத்தில் இருக்கும் கோயில் அது. பஞ்ச கேதாரம் எனப்படும் ஐந்து சிவன் கோயில்களில் மிக உயரத்தில் இருப்பதும் அதுதான். பாண்டவருக்கு முகங்கொடுக்க மனமில்லாமல் எருதாகி நிலத்துக்குள் புகுந்த சிவனின் திமில் கேதார்நாத்தில் தோன்றியது, கைகள் துங்கநாத்தில் தோன்றின என்பது தலபுராணம்.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் தை மாதத்தில், மலை ஏறத் தொடங்கும் இடமான சோப்தாவில் போய் நின்றோம். ஹரித்துவார் பார்த்து, கேதார்நாதர் குளிர்காலத்தில் தங்கும் உக்கிமட் ஓங்காரேஸ்வரர் கோயிலையும் தரிசித்தாயிற்று. மட்டக்களப்பிலிருந்து போன எங்கள் சிறு கூட்டம் அதோடு ஊர் திரும்பியிருக்கலாம். மாமிதான் விடவில்லை.

"கோயில் பூட்டியிருக்கும் மாமி" என்றேன்.

"கதிர்காமத்தில நாம திரையத்தானே கும்பிடுறம்? பூட்டின கதவெண்டா என்ன?"

இதற்கு என்ன மறுமொழி சொல்ல? கதிர்காமத்தில் திரைக்குப் பின்னால் இருப்பது அடியார் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார், மந்திரம் காதில் விழாது. அந்தச் சந்நிதியில் வளர்ந்தவவுக்குப் பூட்டிய கதவு பொருட்டே இல்லை. போதாததற்கு, ஆடியில் உகந்தையிலிருந்து கும்புக்கன் ஆற்றைக் கடந்து, குமண, யால காட்டு வழியாகக் கதிர்காமம் நடந்த கால்கள். சோப்தாவிலிருந்து கோயிலுக்கு நாலு கிலோமீற்றர்கூட வராது என்றதும் மாமி சிரித்தா.

தூரம் நாலு கிலோமீற்றர்தான். ஏறவேண்டிய உயரம்தான் அதிகம். கோடையில் கல் பாவிய நல்ல பாதை என்கிறார்கள். நாங்கள் கண்டது வெள்ளைச் சரிவு மட்டும். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்ளும், பனி உள்ளே போகாமல் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை கட்டும் உறையும் அங்கேயே வாடகைக்குக் கிடைத்தன. வழிகாட்டி ஒரு இளம் பெடியன். அவனுடைய ஹிந்தி மச்சானுக்கு மட்டும்தான் விளங்கும்; சவூதியில் வேலை செய்த காலத்தில் பழகியது.

விடியலில் பனியின் மேல் ஒரு பொருக்கு இருக்கிறது, வைத்த கால் நிற்கும். புரான்ஸ் என்னும் செம்பூ மரக்காடு முடிந்து திறந்த சரிவுக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. பொருக்கு இளகி, கால் தொடைவரை இறங்கத் தொடங்கியது. அதை இழுக்க மற்றக் காலை ஊன்றினால் அதுவும் போகும். வயல் சேற்றில் நடந்து பழகியவன் நான். சேறு கொஞ்சம் முரண்டுபிடித்துக் காலை விட்டுவிடும், இது சப்பாத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. பெடியன் கைத்தடியை ஓரிடத்தில் குத்தினான். பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. பாதை எது, பள்ளம் எது என்று சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே சரிவு.

அவன் நிமிர்ந்து மேற்சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். முதல்நாள் இரவு புதுப்பனி கொட்டியிருந்தது. அடியில் இறுகிக் கிடக்கும் பழைய பனியோடு அது சரியாக ஒட்டியிராது, வெயில் பட்டால் பாளம் பாளமாக வழுக்கி வரும் என்றான். பிறகு மச்சானைக் காட்டி என்னவோ சொன்னான். மச்சான் குளிருக்கு உள்ளே போட்டிருந்தது ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திப் பெனியன். ஏறும்போது வியர்வையில் தோய்ந்தது, நின்றதும் ஐசாகிவிட்டது. பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். "இவருக்குக் கதை குழறுதாம், உடனே இறக்கட்டாம்" என்று மச்சான் குழறிக் குழறி எங்களுக்குச் சொன்னார். 'இவர்' யார் என்று மாமி கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது.

நான் மாமியைப் பார்த்தேன். பிடிவாதம் பிடிப்பா என்றுதான் நினைத்தேன்.

"கல்லு நந்தியப் புல்லுத் தின்ன வச்சவர் நம்மட கொக்கட்டிச்சோலையான். கும்பிட இதுக்கு மேல ஏறத் தேவையில்ல. கிறுகுவம் மனே" என்றா.

நின்ற இடத்திலேயே மேல்நோக்கிக் கும்பிட்டோம். காற்றில் கற்பூரம் பிடிக்கவில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் திருநீற்றை எல்லாருக்கும் பூசிவிட்டு மாமி முன்னால் இறங்கினா. நனைந்த பெனியனைக் கழற்றவைத்து, என் கம்பளிச் சுவெட்டரை மச்சானுக்கு மாட்டிக் கூட்டிவந்தோம். சோப்தாக் கடையில் சுடச்சுடத் தேத்தண்ணி இரண்டு கோப்பை உள்ளே போன பிறகுதான் அவருடைய பேச்சு நேரானது.

ஊரில் இதைச் சொன்னபோது ஒருவர், "நம்பிக்கை இருந்திருந்தால் ஏறியிருக்கலாம்" என்றார். எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. கயிலைக்கு நடந்து, கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்த அப்பரை விடவா நமக்கு நம்பிக்கை? அவரையே இந்த உடம்போடு வரமுடியாது, திரும்பு என்று வழியில் மறித்தவர் இறைவன்தான். பொய்கையில் முழுகச் சொல்லித் திருவையாற்றில் எழுப்பி, அங்கே கயிலைக் காட்சி கொடுத்தார். கேதாரத்தைப் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் நின்றபடியே பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். அவர்களை யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் மக்குமட் போனோம். மார்க்கண்டேயர் கோயிலில்தான் குளிர்காலத்தில் துங்கநாதருக்குப் பூசை. பரம்பரையாகத் துங்கநாதருக்குப் பூசை செய்பவர்களும் இந்த ஊர்க் குடும்பங்கள்தான். கூட்டமே இல்லை. பூசகர் மாமியின் பெயரையும் ஊரையும் கேட்டு, மட்டக்களப்பை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துச் சங்கல்பத்தில் சேர்த்துக்கொண்டார். நெற்றியில் சந்தனம் வைக்கும்போது, பனியில் உரிந்திருந்த அவவின் மூக்கைப் பார்த்து எங்கே போனீர்கள் என்று கேட்டார். மச்சான் கையால் மலையைக் காட்டினார். பூசகர் வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே வந்ததும் மாமி சொன்னா: "அவரே குளிர் தாங்காம இறங்கி வந்திட்டார். நாம அவரத் தேடி ஏறிப் போறம்."

மேலே நடை திறக்கும் நாளை மக்குமட்டில் வைசாகி அன்று கணித்து அறிவிப்பார்கள். அது எங்கட சித்திரை வருசப் பிறப்பை ஒட்டி வரும். ஆனியில் அங்கே மழையும் மண்சரிவும் தொடங்கிவிடும் என்பதால் போகிறவர்கள் வைகாசியிலேயே போய்வருவது நல்லது. ஆடியில் கதிர்காம நடைக்கும் இடைஞ்சல் வராது. மாமி வைகாசிக்கு ஆயத்தம். மச்சானுக்குக் கம்பளி பெனியன் வாங்கச் சொல்லிக் கொழும்பில் இருக்கும் மகளுக்கு ஏற்கெனவே கோல் எடுத்தாயிற்று.